பதிவில் ஏறும் குரல்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிற சாலையில் இருக்கிறது திருப்பாலைவனம். வெளியூர்க்காரர்களுக்கு அது திருப்பாலீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். ஏரியோரத்துக் குப்பங்களில் இருப்பவர்களுக்கு அதைத் தெரிந்திருக்க இன்னொரு காரணமும் உண்டு: அவர்களுடைய காவல் நிலையம் அங்கேதான். வலைத் தகராறு, படகுத் தகராறு என்று ஊருக்குள் தீராத சங்கதிகள் அங்கே போய்ச் சேரும். மீனவர் ஒருவர் வாயால் சொன்னது தாளில் ஏறுவது பல சமயம் நிலையத்து ரைட்டரின் மேசையில்தான். அரைமணி நேரம் கொதித்துப் பேசியது அங்கே ஐந்து வரியாகிவிடும். எந்த ஐந்து வரி என்பது பேசியவர் கையில் இல்லை.

பேச்சுக்கலை பற்றித் தமிழில் வந்த நூல்கள் இந்த மேசைப் பக்கம் அதிகம் வந்ததில்லை. அவற்றின் கண் மேடைமீது இருக்கிறது. எதிரே கூட்டம், மேலே விளக்கு, கைதட்டலுக்கு இடம் விட்டுப் பேசும் நயம். அந்தக் கலை தமிழ்நாட்டின் அரசியலையே மாற்றிய கலை, அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு குப்பத்தின் பிழைப்பைத் தீர்மானிக்கும் பேச்சு நடக்கும் இடம் வேறு. அங்கே கேட்பவர் கைதட்ட மாட்டார், எழுதிக்கொள்வார்.

அந்த இடத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு: பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். துறைமுகம், அனல்மின் நிலையம், சுரங்கம் போன்ற பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்குமுன் அந்தப் பகுதி மக்களைக் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அந்தக் கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று விரிவாகவே சொல்கிறது. மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்குவார். நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நாளிதழ் போய்ச் சேராத ஊர்களில் பறையறைந்தாவது சொல்ல வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. முழு நிகழ்ச்சியையும் வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது. வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க, விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். முடிவில், பேசப்பட்டவற்றின் சுருக்கத்தை அங்கேயே மக்கள் மொழியில் விளக்கிப் படித்துக்காட்ட வேண்டும். அன்றைக்கே ஆட்சியர் அதில் கையெழுத்திட வேண்டும்.

பழவேற்காட்டு ஊர்களுக்கு இந்தக் கூட்டம் இரண்டு தடவை வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கட்டிய துறைமுகத்தை 2018இல் அதானி குழுமம் வாங்கியது. ஏறத்தாழ 330 ஏக்கரில் இருந்த துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம் போட்டது. அதற்கான கருத்துக்கேட்பு 2021 ஜனவரி 22 என்று குறிக்கப்பட்டு, எதிர்ப்புக்கும் கொரோனா காலத்துக்கும் நடுவே தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. இரண்டு முறையும் கடலோர ஊர்கள் பேசத் தயாராக இருந்தன. எப்படிப் பேசுவது என்ற கேள்வி அங்கே பட்டிமன்றப் பொழுதுபோக்காக இருக்க வழியில்லை.

வாதாடத் தெரியாத சனங்கள் என்று இவர்களை நினைத்தால் அது பெரிய தவறு. பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்கள் இதில் முதன்மையானவை. ஏரியில் இறால் அதிகம் விழும் இடங்களில் யார் எந்த நாளில் சுத்து வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்ச் சேராது. இந்த முறையைக் கட்டிக்காப்பது எழுத்தைவிடப் பேச்சுதான். முறை தவறியது என்று ஒருவர் ஊர்க்கூட்டத்தில் எழுந்தால், எந்த நாள், எந்த இடம், பக்கத்தில் யார் வலை இருந்தது என்று சொல்லியாக வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் அதே தண்ணீரில் நிற்பவர்கள். மிகைப்படுத்தினால் உடனே பிடித்துவிடுவார்கள்.

இந்தப் பயிற்சிக்கு ஒரு குறையும் உண்டு, அதைச் சொல்லாமல் பாட்டைப் புகழ்வது நியாயமில்லை. பாட்டு உரிமை பரம்பரையாக மீனவச் சாதிக் குடும்பங்களுக்கு உரியது. ஏரியை நம்பியே வாழும் தலித் மீனவர்களும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் அதற்கு வெளியே. பெண்களுக்கும் ஊர்ப் பஞ்சாயத்தில் வழக்கமாக இடம் கிடையாது. ஆனால் மீனைக் கூடையில் சுமந்து சந்தைக்குப் போய் விலை பேசி விற்பது அவர்கள்தான். முன்பின் தெரியாத ஆளிடம், அவர் நம்பாத விஷயத்தை நம்பவைக்கும் பழக்கம் அந்தப் பெண்களுக்கு அன்றாட வேலை. ஊர்க்கூட்டத்தில் பேசும் ஆணுக்கு எதிரே இருப்பவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். சந்தைப் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை, எல்லாவற்றையும் அவர் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அரசு அதிகாரி முன் பேச எந்தப் பயிற்சி உதவும் என்று பார்த்தால், பெண்களுடையதுதான் கூடுதலாக உதவும்.

திருக்குறளின் அதிகார வரிசையில் இதையொட்டி ஒன்று கண்ணில் படும். அமைச்சியலின் இரண்டாவது அதிகாரம் சொல்வன்மை, மொத்த வரிசையில் 65ஆவது. அந்த இயல் முடிவதும் பேச்சில்தான்: 72ஆவது அவையறிதல், 73ஆவது அவையஞ்சாமை. அவைக்கு அஞ்சாமல் இருப்பதற்கு முந்திய படியாக அவையை அறிவது வைக்கப்பட்டிருக்கிறது. இன்றைய பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் இது தலைகீழ். முதல் நாளே கூச்சத்தைப் போக்குகிறோம் என்று ஆரம்பிக்கிறார்கள், எதிரே இருப்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்பது கடைசியில் வந்தால் வரும். வள்ளுவர் வரிசையே சரி என்று படுகிறது. பயம் பெரும்பாலும் தெரியாமையால் வருகிறது. மேடையில் உட்கார்ந்திருப்பவர் திட்டத்துக்குச் சரி என்றோ கூடாது என்றோ தீர்ப்புச் சொல்ல வந்தவர் இல்லை, கேட்டு எழுதி மேலே அனுப்ப வந்தவர் என்று தெரிந்தால் பாதி நடுக்கம் போய்விடும். முடிவுக்கான பரிந்துரை தில்லியில் இருக்கும் வல்லுநர் மதிப்பீட்டுக் குழுவிடமிருந்து வரும். அந்தக் குழுவினர் இந்தக் கூட்டத்துக்கு வரப்போவதில்லை. அவர்கள் காதில் குரல் விழுவது அரிது, கண்ணில் பெரும்பாலும் எழுத்துதான் படும்.

குரலைப் பற்றியும் பேச வேண்டும், கடலோர மக்கள் விஷயத்தில் அது தனிச் சிக்கல். இரைச்சலுக்கு நடுவே பேசுகிறவர் தன்னையறியாமலே குரலை உயர்த்துவார் என்று எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சத்தம் மட்டுமல்ல, சுருதியும் ஏறும், உயிரெழுத்துகள் நீளும். அலையோசையிலும் படகு எஞ்சின் ஓசையிலும் வாழ்நாளைக் கழிப்பவர்களுக்கு இந்த ஏற்றமே இயல்பான பேச்சாகிவிடுகிறது. இந்தப் படகிலிருந்து அந்தப் படகுக்கு ஒரு சொல் போய்ச் சேர அந்தக் குரல் வேண்டும். அதே குரல் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும் அலுவலக அறைக்குள் வரும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்கிறார். ‘ஏன் சத்தம் போடுறீங்க, மெதுவாப் பேசுங்க’ என்று சொல்லிவிடுகிறார். பேசவந்தவர் முகம் சுருங்கி, சொல்லவந்ததில் பாதியை விழுங்கிக்கொண்டு உட்காருகிறார். அதிகாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் இது: மீனவரின் உரத்த குரல் சண்டைக்கான அறிகுறியில்லை, அவர் தொழில் கொடுத்த குரல்.

பேசுகிறவருக்கும் செய்ய ஒன்றிரண்டு உண்டு. மைக்குக்கு முன்னால் கடல் இல்லை. வாயை அதில் ஒட்டிவைத்து உரக்கப் பேசினால் பந்தலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் சொற்கள் கரகரத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வீடியோ பதிவிலும் அந்தக் கரகரப்புதான் ஏறும். ஒரு சாண் தள்ளி நின்று, தொண்டையை இறுக்காமல், வயிறு அசையும்படி மூச்சு இழுத்து, பக்கத்துத் திண்ணையில் இருப்பவரிடம் சொல்கிற அளவில் சொன்னால் போதும், மீதியைக் கருவி பார்த்துக்கொள்ளும். அதைவிட முக்கியம் நிறுத்தம். ஊர்ப் பெயரோ எண்ணோ மாதமோ சொன்ன பிறகு ஒரு மூச்சு விட்டால், மேடையோரத்தில் குறிப்பெடுக்கும் ஊழியரின் பேனா அதைப் பிடித்துவிடும். ஓடிக்கொண்டே சொன்ன எண் காற்றோடு போகும்.

கிரேக்கத்து டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டும், அலையோசையோடு மல்லுக்கட்டியும் பேசிப் பழகினார் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. அவர் தேடிப்போய்ப் பழகிய இரைச்சல் இங்கே பிறந்தது முதலே கிடைக்கிறது. குப்பத்துப் பேச்சாளர் பழக வேண்டியது நேரெதிரானது, அமைதியில் பேசுவது.

தமிழின் அரசியல் மேடை கடற்கரையில் வளர்ந்த மேடை என்பதையும் இங்கே நினைக்கலாம். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய பிரசங்கம் கோயிலுக்குள் நடந்தது. சுதேசி இயக்கம் வந்தபோது பேச்சு மணலுக்கு இறங்கியது. 1908 தொடக்கத்தில் தூத்துக்குடியில் சுப்பிரமணிய சிவா பேசியதைக் கேட்கத் தொழிலாளர்கள் திரண்டார்கள். மைக் இல்லாத காலம். அந்தக் கூட்டங்களில் போலீஸாரும் இருந்தார்கள், குறிப்பெடுத்துக்கொண்டு. அந்தக் குறிப்புகள் நீதிமன்றத்தில் சாட்சியமாகி, 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்தாண்டும் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுளும் விதித்தார். கேட்ட மக்களின் நினைவிலிருந்து சொற்கள் மறைந்தன. அரசின் பேனா எழுதிக்கொண்டது நின்றது.

சென்னை மீனவக் குடும்பத்தில் 1860இல் பிறந்த ம. சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் நடத்திய இரண்டு கூட்டங்கள்தாம் இந்தியாவின் முதல் மே தினம். ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, மற்றது திருவல்லிக்கேணியில். குப்பத்தில் பிறந்து, வக்கீலாகிப் பேசியவர் அவர். இரண்டு உலகத்துப் பேச்சும் அவருக்கு வந்தது. பழவேற்காட்டில் அப்படி ஒருவர் வரக் காத்திருக்க வேண்டியதில்லை, வேண்டிய கருவிகள் பெரும்பாலும் கைவசமே இருக்கின்றன. வாதத்தைக் கட்டுவதற்கான கருவிகூடத் தமிழில் பழையதாகவே கிடைக்கிறது.

மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் சொல்லிக்கொடுக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்புகள். சொல்ல வந்தது பக்கம், அதற்குக் காரணம் ஏது, எல்லாரும் ஒப்புக்கொண்ட முன்னுதாரணம் திட்டாந்தம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனெனில் புகை இருக்கிறது, அடுக்களையில் பார்ப்பதைப் போல. கடைசி இரண்டும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கிவிடும், மூன்றே போதும் என்பது அடிகள் சொல்லும் பௌத்தத் தரப்பு. மூன்று நிமிடம் கிடைக்கும் பேச்சாளருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

காட்டுப்பள்ளி விஷயத்தில் இதை வைத்துப் பார்க்கலாம். ‘துறைமுகம் விரிந்தால் எங்கள் ஊர் அழியும்’ என்பது பக்கம். பெரும்பாலான பேச்சுகள் இதிலேயே நின்று, இதையே ஏழெட்டு விதமாகச் சொல்லி முடிகின்றன. ஏது என்ன? இந்தக் கரையில் மணல் ஆண்டுக்கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. சென்னைக் கரை மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்பார்கள். தெண்டி ஓடும் காலத்தில் கடலுக்குள் நீட்டிய கல்சுவர் மணலைத் தெற்கே தடுத்து நிறுத்தும். வடக்குக் கரைக்கு வரவேண்டிய மணல் வராது. திட்டாந்தம் எங்கே? தேட வேண்டாம், சென்னைத் துறைமுகமே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் சுவர் எழுந்த பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து அகன்றது, வடக்கே ராயபுரம் தொடங்கி திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. அங்கே கொட்டிவைத்த கருங்கற்களை யாரும் போய்ப் பார்க்கலாம். பழவேற்காட்டின் குப்பங்களும் ஏரியின் முகத்துவாரமும் காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருக்கின்றன.

இந்த மூன்றையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொன்னவருக்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். தெண்டி எந்த மாதம் வலுக்கும், முகத்துவாரம் எப்போது மணல் மூடும், மூடினால் இறால் குஞ்சு ஏரிக்குள் வருவது என்ன ஆகும் என்று தன் கண்ணால் பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், திட்டத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை எழுதிய ஆலோசகரைவிட அவரே அந்தப் பந்தலில் விவரம் அறிந்தவர் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அரிஸ்டாட்டில் கேட்பவரை இணங்கவைக்கும் வழிகளாகப் பேசுபவரின் தகுதி, கேட்பவரின் உணர்ச்சி, வாதம் ஆகிய மூன்றையும் சொன்னார். இந்த மாதிரி அவையில் தகுதி என்பது விவரத்திலிருந்து வருகிறது. அடுக்குமொழியிலிருந்து வருவதில்லை.

உணர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லக்கூடாது. பிழைப்புப் போகப்போகிறது என்று நினைப்பவர் அழுதால் அழட்டும், அது பொய்யில்லை. ஆனால் அழுகை நடவடிக்கைக் குறிப்பில் எப்படி ஏறும் என்று யோசிக்க வேண்டும். ‘மீனவர்கள் வாழ்வாதாரம் குறித்துக் கவலை தெரிவித்தனர்’ என்று ஒரே வரியாக ஏறும். நாற்பது பேர் பேசினாலும் அதே வரிதான். திட்டத்தை முன்வைப்பவர் மக்கள் எழுப்பிய ஒவ்வொரு விஷயத்துக்கும் எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டும் என்கிறது அறிவிக்கை. கவலைக்கு அவர் ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். கேள்விக்கு அப்படி முடியாது.

ஒரு பெண் எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஐயா, நான் மீன் விக்கிறவ. ஏரி வாய் அடைச்சுக்கிட்டா உள்ள இறா வர்றதில்ல. உங்க சுவரு கட்டுனா எங்க பக்கம் கரை வருசத்துக்கு எத்தினி அடி அரிக்கும்னு கணக்குப் போட்டீங்களா? போட்டிருந்தா எந்தப் பக்கத்துல இருக்கு, படிச்சுக் காட்டுங்க. போடலேன்னா போடலேன்னு எழுதிக்குங்க.’ இதில் உயர்த்திய குரல் இல்லை, ஒரு அலங்காரம் இல்லை. குறிப்பெடுப்பவர் சுருக்கவும் வழியில்லை, ஏனெனில் ஏற்கெனவே சுருங்கித்தான் இருக்கிறது. பதிலாக ஒரு எண் வர வேண்டும், அல்லது எண் இல்லை என்ற ஒப்புதல் வர வேண்டும். இரண்டில் எது வந்தாலும் தில்லிக் குழுவின் மேசைக்குப் போகும் தாளில் அது இருக்கும்.

அடுத்து எழுபவர் அதையே திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் மணலைக் கேட்டால் அடுத்தவர் முகத்துவாரத்தைக் கேட்கலாம், மூன்றாமவர் கப்பல் போகிற வழியில் வலை விரிக்க முடியுமா என்று கேட்கலாம், இருளர் ஒருவர் கையால் இறால் தடவும் ஆழமில்லாத தண்ணீர் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்கலாம். யார் எதைக் கேட்பது என்று முதல்நாளே ஊரில் உட்கார்ந்து பிரித்துக்கொள்வது பாடு தெரிந்த ஊர்களுக்குப் புதிய வேலை இல்லை. அந்தப் பிரிப்பில், பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, பலரும் விட்டுவிடும் நேரம் ஒன்று இருக்கிறது. கடைசிப் பேச்சாளர் முடித்ததும் பந்தல் காலியாக ஆரம்பிக்கும். படகுக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். சுருக்கத்தைப் படித்துக்காட்டுவது அப்போதுதான். தான் கேட்ட கேள்வி அதில் இருக்கிறதா, சொன்ன மாதமும் எண்ணும் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் மறுபடி கையை உயர்த்த ஊருக்கு நான்கு பேராவது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுதிக் கொண்டுவந்த மனுவை வாரிய அதிகாரியிடம் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்வதும் அந்த நேரத்தில் முடிகிற காரியம்தான்.